கரி: அகழாய்வு விழாக்களின் அறநிலை

ஏப்ரல் 18ஆம் நாள் உலக மரபு நாளாகவும், நவம்பர் 19 முதல் 25 வரையிலான நாள்கள் உலக மரபு வாரமாகவும் இந்தியாவெங்கும் கொண்டாடப்படுகின்றன. முன்னர் இந்நாள்களில் நிழற்படக் கண்காட்சியும் சொற்பொழிவும் கட்டுரைப் போட்டியுமே நிகழ்ந்தன. அண்மைக் காலத்தில் அவற்றோடு வேறொரு வகை நிகழ்ச்சியும் சேர்ந்துள்ளது. மரபுநடை என்னும் பெயரில் மக்கள் கோயிலுக்கும் குகைத்தளத்திற்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். மாணவர் கல்வெட்டு மைப்படி எடுக்கக் கற்பிக்கப்படுகின்றனர்; பானையோட்டில் தம் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறுகின்றனர்; உடைந்த கலத்தின் துண்டுகளைப் பொருத்துகின்றனர்; மணல் நிரப்பிய மாதிரிக் குழியில் சிறு கரண்டியும் தூரிகையும் கொண்டு பொருள் தேடுகின்றனர். தொல்லியல் கண்ணால் காண்பதற்குரியது என்னும் நிலை மாறிக் கையால் செய்து பார்ப்பதற்குரியது என்னும் நிலைக்கு நகர்ந்துள்ளது.

இந்நிகழ்ச்சிகள் நல்லவை என்பது யாராலும் மறுக்கப்படுவதில்லை. மறுக்கப்படாததாலேயே அவை எவ்வாறு நல்லவை என்னும் வினாவும் எழுப்பப்படாமல் நின்றுவிடுகிறது. விழிப்புணர்வு உண்டாகும், பெருமித உணர்வு வளரும், சின்னங்கள் காக்கப்படும் என்பன வழக்கமாகக் கூறப்படும் மறுமொழிகள். மூன்றும் பயனைப் பற்றியவை. அகழாய்வு என்னும் செயலின் இயல்பை நோக்கினால் பயனுக்கு முன்பாகவே ஒரு கடன் இருப்பது புலப்படும்.

அகழாய்வு மீளச் செய்ய இயலாத செயல். ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர் ஓரிடத்தில் பிழைபட வாசித்திருந்தால், பின்வந்தவர் அதே ஏட்டை எடுத்துத் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. கல்வெட்டும் அவ்வாறே. அகழ்பவரோ தாம் படிக்கும் பக்கத்தைப் படித்தவுடன் அழிக்கின்றார். மேலடுக்கை நீக்காமல் கீழடுக்கைக் காண வழியில்லை. நீக்கிய அடுக்கைத் திரும்ப வைக்கவும் வழியில்லை. எஞ்சுவன பொருள்களும், அவர் எழுதிய குறிப்பும், வரைந்த படமும் மட்டுமே. இந்த மணி இந்த ஆழத்தில் இந்த மண்ணில் கிடந்தது என்பதற்கு அவர் சொல்லே சான்று. தன் சான்றைத் தானே அழித்து முன்னேறும் ஓர் ஆய்வுமுறை, பிறரை எந்த உரிமையில் நம்பக் கோருகிறது? தொல்லியல் விழாக்களின் அறநிலையை ஆராய இவ்வினாவே தொடக்கமாகும்.

வீலர் விற்ற ஓடுகள்

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944 முதல் 1948 வரை பணியாற்றிய மார்ட்டிமர் வீலர், அதற்கு முன் தென் இங்கிலாந்தில் மெய்டன் காசில் என்னும் பழங்கோட்டையை 1934 முதல் 1937 வரை அகழ்ந்தார். பொதுமக்களை அகழாய்வுக் களத்திற்கு வரவேற்பதைக் கொள்கையாகவே கொண்டிருந்தவர் அவர். வந்தவர்க்குக் களத்தை விளக்க ஆள்கள் அமர்த்தப்பட்டனர். பட அஞ்சலட்டைகள் விற்கப்பட்டன. அவற்றோடு நில்லாமல், கவண்கற்களாகப் பயன்பட்ட கூழாங்கற்களும் உரோமானிய ஓட்டுத் துண்டுகளும் மேற்பரப்பில் கிடைத்த பானைச் சில்லுகளும் களத்தின் பெயர் மையால் எழுதப்பட்டுச் சில்லறை விலைக்கு விற்கப்பட்டன. இதனை வீலர் மறைக்கவில்லை; தம் அறிக்கையிலேயே பதிவு செய்துள்ளார்.

இச்செயலைக் குறைகூறுவது எளிது. ஆயினும் வீலர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. விற்கப்பட்டவை மண்ணடுக்கோடு தொடர்பற்ற எச்சங்கள், ஆய்வுக்குப் பயன்படாதவை. அவற்றால் கிடைத்த பணம் அகழாய்வுச் செலவுக்கு உதவியது. கையில் ஒரு சில்லுடன் வீடு திரும்பியவர் அக்கோட்டையை மறந்திருக்கமாட்டார். ஆய்வு நோக்கில் எந்த இழப்பும் இல்லை. எனில் தவறு யாது?

விற்ற பொருளில் தவறில்லை. விற்றல் கற்பித்த பாடத்தில்தான் தவறு உள்ளது. பழமை என்பது எடுத்துச் செல்லத்தக்க ஒரு துண்டு என்னும் பாடம் அது. அடுக்கிலிருந்து கிடைத்த சில்லு, மேற்பரப்பில் கிடந்த சில்லு என்னும் வேறுபாடு வீலருக்குத் தெரியும். விலை கொடுத்தவர்க்குத் தெரியாது. மண்ணடுக்கைப் படிக்கும் முறையை இந்திய மாணவர்க்கு 1944இல் தக்கசீலப் பயிற்சிப் பள்ளியில் அத்துணைக் கண்டிப்புடன் கற்பித்தவர், அதே முறையின் உயிர்நிலையைப் பார்வையாளரிடமிருந்து மறைக்கும் வணிகத்திற்கும் இடமளித்தார் என்பது முரண். இன்றைய செய்முறை நிகழ்ச்சிகள் எதையும் விற்பதில்லை. பெரும்பாலானவை படிகளையே பயன்படுத்துகின்றன. எனினும் அவை கற்பிக்கும் பாடம் வீலரின் சில்லு கற்பித்ததிலிருந்து வேறுபட்டதா என்பது ஆராயத்தக்கது.

சிறுவர் கையில் கிடைத்த மணி

வீலர் 1945இல் அகழ்ந்த அரிக்கமேடு புதுச்சேரிக்கு அருகில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. இத்தாலிய அரெட்டைன் கலங்களின் காலத்தை ஆதாரமாகக் கொண்டு தென்னிந்தியத் தொல்பொருள்களுக்குக் காலவரையறை செய்த அகழாய்வு அது. அங்கே ழான்-மரி கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் ஆய்வைத் தொடர்ந்தனர். இவர்களுக்கெல்லாம் முன்பு, அவ்விடத்தின் சிறப்பை அறிஞர் உலகிற்கு உணர்த்தியவர் பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய். அவருக்கு 1937ஆம் ஆண்டளவில் மணிகளையும் கற்களையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவ்வூர்ச் சிறுவர்கள். அவரிடம் சேர்ந்தவற்றுள் தலையுருவம் செதுக்கிய கல் ஒன்றும் இருந்தது. அதனை உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என அவர் அடையாளம் கண்டார்.

கேரளத்தில் வடக்கன் பரவூருக்கு அருகிலுள்ள பட்டணத்தின் வரலாறும் இத்தகையதே. சங்க இலக்கியம் கூறும் முசிறியின் பகுதியாக அறிஞர் பலர் கருதும் இவ்வூரில் 2004இல் சோதனை அகழாய்வும், 2007 முதல் 2015 வரை கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தின் தொடர் அகழாய்வுகளும் நிகழ்ந்தன. அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே மழை பெய்து ஓய்ந்தவுடன் வீட்டு வளாகங்களில் மின்னும் சிறு மணிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது அவ்வூர்ச் சிறுவர்க்கு விளையாட்டாக இருந்துவந்தது. அவர்களைப் பொறுத்தவரை அது மரபும் அன்று, தொல்பொருளும் அன்று. மழை தரும் மணி, அவ்வளவே.

அறிஞரின் கண்டுபிடிப்பு எனப் பதிவாகும் பலவற்றின் பின்னால் உழவர், கிணறு தோண்டுவோர், ஆடு மேய்ப்போர், சிறுவர் ஆகியோரின் கைகள் உள்ளன. அவர்களின் பெயர் அறிக்கையில் இடம்பெறுவது அரிது. அதே சிறுவனின் பேரனைப் பின்னொரு நாள் விழாவுக்கு அழைத்து, மணல் நிரப்பிய தொட்டியில் நெகிழிமணி ஒன்றை மறைத்துவைத்து, அதைக் கண்டெடுத்தால் கைதட்டுவது நகைமுரண் ஆகாதா? பாட்டனின் கை உண்மையான மணியைத் தந்தது. பேரனின் கைக்குப் போலி மணி தரப்படுகிறது. முன்னவன் தந்ததைப் பெற்றுக்கொண்ட அறிவுலகம், பின்னவனை விருந்தினன் ஆக்கிவிடுகிறது.

இதனால் பெறப்படுவது, ஊர்மக்கள் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதன்று. பொறுக்கிய மணி இடம்பெயர்ந்த மணி. அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது இனி அறியப்பட மாட்டாது. அரிக்கமேட்டுச் சிறுவர்கள் தந்தவற்றால் இடம் அறியப்பட்டது. அப்பொருள்கள் கிடந்த சூழலோ இழக்கப்பட்டது. அக்கைகள் கொடையையும் இழப்பையும் ஒருங்கே செய்தன. விழாக்கள் நினைவூட்ட வேண்டியது இந்த இருமையையே.

கரி

பழந்தமிழில் கரி என்னும் சொல் எரிந்த விறகின் எச்சத்தைக் குறிப்பதோடு சாட்சி என்னும் பொருளையும் தரும். திருக்குறளில் இச்சொல் இரண்டாவது பொருளில் ஆளப்பட்டுள்ளது. பொய்க்கரி கூறியவன் நிழலுக்கு ஒதுங்கிய மரம் வாடும் என்னும் நம்பிக்கையைக் கலித்தொகை பதிவு செய்கிறது. இருபொருளும் ஒரே சொல்லில் அமைந்தது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதன்மீது சொற்பிறப்பு வாதம் எதனையும் எழுப்ப வேண்டுவதில்லை. ஆயினும் அகழாய்வில் காலம் சொல்வனவற்றுள் முதன்மையானது கரித்துண்டே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கரித்துண்டு சாட்சி சொல்வது ஒரு நிபந்தனையின்பேரில் மட்டுமே. அது எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதற்கு மற்றொரு சாட்சி வேண்டும். ஆய்வகம் மரம் எப்போது உயிரிழந்தது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும். அது குழியில் எங்கிருந்தது என்பதை ஆய்வகம் அறியாது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இவ்விரண்டு எண்களுள் 580 என்பது இயந்திரத்தின் சொல். 353 என்பது மனிதனின் சொல். முன்னதன் வலிமை முழுவதும் பின்னதன் நாணயத்தில் தங்கியுள்ளது.

பொதுமக்கள் அகழாய்வுக் களத்தில் நிற்பதற்கான அறவழிப்பட்ட காரணம் இங்கேதான் உள்ளது. அவர்கள் நிற்பது அறிஞரின் பெருந்தன்மையால் அன்று. சுற்றுலா வருவாய்க்காகவும் அன்று. மீளச் செய்ய இயலாத செயலைச் செய்பவர் பிறர் கண்முன் செய்யக் கடமைப்பட்டவர். காண வருபவர் சாட்சியாக வருகிறார்.

சாட்சி சொல்ல அறிஞராக இருத்தல் வேண்டுமா என்னும் வினா எழலாம். தமிழ்க் கல்வெட்டுகளில் நிலவிலை ஆவணங்களின் இறுதியைக் காண்போர் இதற்கு விடை அறிவர். எல்லைகள் கூறப்பட்டு, விலை கூறப்பட்டு, முடிவில் இப்படி அறிவேன் எனப் பலர் கையெழுத்திட்டிருப்பர். அவர்கள் அனைவரும் சட்டம் கற்றவர் அல்லர். நிலம் எது, விற்றவர் யார், நிகழ்ந்தது யாது என்பவற்றைக் கண்டவர்கள். அறிதல் என்னும் சொல் அங்கே நூலறிவைச் சுட்டாமல் உடனிருந்து கண்டமையைச் சுட்டுகிறது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்டதால் அவர்கள் பொறுப்புக்கும் உள்ளானார்கள்.

எனினும் காண்பது யாதென அறியாத கண் சாட்சியாகாது. ஆவணத்தில் கையெழுத்திட்டவனுக்கு வாய்க்கால் எது, வரப்பு எது எனத் தெரிந்திருந்தது. அகழாய்வுக் குழியின் ஓரத்தில் நிற்பவனுக்குச் சுவரில் தெரியும் நிறவேறுபாடு வெறும் மண்ணாகவே தோன்றும். செய்முறை நிகழ்ச்சிக்கு இடம் இங்கே பிறக்கிறது. கையால் ஒருமுறை செய்தவன் மறுமுறை கண்ணால் காண்கிறான். மைப்படித் தாளை ஈரமாக்கிக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டிப் பார்த்த மாணவி, அச்சிட்ட கல்வெட்டு வாசகத்தில் புள்ளியிட்டு விடப்பட்ட இடங்கள் ஏன் விடப்பட்டன என்பதை அதன்பின் கேளாமலே உணர்வாள். கல்லைக் கல்லால் தட்டிச் சில்லெடுக்க முயன்று விரலில் அடிபட்டவன், 1863இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கையிலெடுத்த கைக்கோடரியை வெறுங்கல் எனக் கருதமாட்டான். கை கற்பிக்கும் அறிவு ஒருவகை. அதனை வாய்ச்சொல்லால் ஈடுசெய்ய இயலாது.

இவ்வளவுகோலால் மாதிரிக் குழியை அளந்தால் அதன் குறை வெளிப்படும். வழக்கமான அமைப்பில் மணலுள் நாணயப் படியும் சுடுமண் பொம்மையும் புதைக்கப்படுகின்றன. மிகுதியாக எடுத்தவர்க்குப் பரிசு. இங்கே மண் ஒரு தடை. விரைந்து விலக்கப்பட வேண்டியது. பொருளே எல்லாம். இத்தகைய குழியில் பயின்றவன் உண்மையான மேட்டைக் காணும்போது அவன் கைக்குத் தோன்றும் முதல் எண்ணம் யாதாக இருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. புதையல் தேடுவோரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றும் சமூகம், புதையல் தேடும் பழக்கத்தை விழா எடுத்துக் கற்பிக்கலாகாது.

குழியை வேறுவிதமாக அமைக்கவும் கூடும். இரண்டு நிற மண்ணை இரண்டு அடுக்காக இட்டு, மேலடுக்கிலிருந்து கீழடுக்கினை வெட்டிச் செல்லும் சிறு பள்ளம் ஒன்றை வேறு மண்ணால் நிரப்பி, உடைந்த சட்டியின் பாதியை அடுக்கிலும் மறுபாதியைப் பள்ளத்திலும் வைத்தால் போதும். மாணவர்க்கு வினா ஒன்றே: எது முந்தியது, எது பிந்தியது, எவ்வாறு தெரியும்? எடுத்த பொருளுக்கு மதிப்பெண் இல்லை. வரைந்த படத்திற்கும் எழுதிய அட்டைக்குமே மதிப்பு. ஒரு குழுவினர் மண்ணைக் கலைத்துவிட்டால் அடுத்த குழுவினர் விடை காண இயலாது. அந்த ஏமாற்றமும் பாடத்தின் பகுதியே. ஒரு பொருளும் கிடைக்காத குழியொன்றையும் உடன் வைப்பது நன்று. உண்மையான அகழாய்வின் பெரும்பகுதி அத்தகையது.

திரளும் தீர்ப்பும்

மேற்குறித்த அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியான பின்னர்க் கீழடிக் களத்திற்கு மக்கள் திரள் திரளாகச் சென்றனர். மாணவர், குடும்பத்தினர், முதியோர் எனப் பலரும் கயிற்றுக்கு அப்பால் நின்று உறைகிணற்றையும் செங்கல் கட்டுமானத்தையும் கண்டனர். இந்தியத் தொல்லியல் வரலாற்றில் ஓர் அகழாய்வுக் குழி இவ்வளவு மக்களின் உள்ளத்தைத் தொட்ட நிகழ்வு அரிது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இத்திரட்சியை உணர்ச்சி மிகுதி என எள்ளிப் பேசுவோர் உண்டு. அதுவே வரலாற்றுத் தீர்ப்பு எனக் கொள்வோரும் உண்டு. இருசாராரும் சாட்சியையும் நடுவரையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். கண்ட மக்கள் குழி இருந்தது, அடுக்கு இருந்தது, வேலை பலர் அறிய நடந்தது எனச் சொல்லலாம். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டா, அதற்குப் பிற்பட்டதா என்பதை அவர்கள் எண்ணிக்கை முடிவு செய்யாது. அதனை முடிவு செய்வன மாதிரியும் அடுக்கும் ஒப்பீடும் ஆகும். கீழடியில் முதலிரு பருவ அகழாய்வுகளை நடத்திய இந்தியத் தொல்லியல் துறை அறிஞர் அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 சனவரியில் தம் அறிக்கையை அளித்தார். 2025 மே மாதத்தில் அத்துறை அதில் திருத்தம் கோரியது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். அப்போது பொதுவெளியில் எழுந்த குரல்களுள் பெரும்பாலானவை அரசியல் சார்ந்தவை. அடுக்குப் படம் எவ்வாறுள்ளது, மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது எனக் கேட்ட குரல்கள் சிலவே. பெருமித விழாக்கள் ஆயிரம் நடந்தும் இந்த வினாவைக் கேட்கும் பழக்கம் உருவாகவில்லை எனில், அவ்விழாக்கள் தம் கடமையில் எங்கோ தவறியுள்ளன என்றே கொள்ளவேண்டும்.

மறுபுறம், அறிக்கை வெளியிடாத அகழாய்வு அறிஞரின் தரப்பில் நிகழும் கரிபொய்த்தலுக்கு ஒப்பானது. ஆதிச்சநல்லூரில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வின் அறிக்கை மிக நீண்ட காலம் வெளிவராமலிருந்தது. மண் அழிக்கப்பட்டது, சொல் வழங்கப்படவில்லை. அவ்வூரின் தொல்பொருள்கள் 1876இல் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை அயலாட்சியின் குறையென்று கூறும் நாம், அறிக்கையின்மையை யார் குறையென்று கூறுவது?

கூலியும் குடியிருப்பும்

அகழாய்வில் நாள் முழுவதும் மண்ணைத் தொடுபவர் ஒருவர் உண்டு. அவர் எந்தச் செய்முறை நிகழ்ச்சிக்கும் அழைக்கப்படுவதில்லை. நாட்கூலிக்கு வரும் ஊர்ப் பெண்களும் ஆண்களுமே மண்ணைச் செதுக்குகின்றனர், சுமக்கின்றனர், சலிக்கின்றனர், ஓடுகளைக் கழுவுகின்றனர். சில வாரங்களிலேயே மண்ணின் இறுக்கம் மாறுவதை விரலால் உணரும் தேர்ச்சியும் அவர்கட்கு வந்துவிடுகிறது. அடுக்கு மாறும் கணத்தை முதலில் அறிவது பல நேரங்களில் அவர்கள் கையே. மெய்யான சாட்சி அவர்கள்தாம். எனினும் விழா மேடையில் விளக்கம் தருபவர் வேறொருவர். அவர்களுள் ஒருவரைப் பார்வையாளர்முன் நிறுத்தி, அன்று கண்டது யாதெனக் கூறச் செய்யும் விழாவே இல்லத்தார் இல்லாத திருமணம் போலாகாமல் இருக்கும்.

குடியிருப்போர் நிலை இதனினும் கடினமானது. ஹம்பியில் ஆண்டுதோறும் கர்நாடக அரசின் சார்பில் ஹம்பி உற்சவம் நடைபெறுகிறது. அதே ஹம்பியில் விருபாட்சர் கோயில்முன் உள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் வாழ்ந்தும் வணிகம் செய்தும் வந்த குடும்பங்கள் 2011 சூலையில் அகற்றப்பட்டன. மண்டபங்களைச் சிதைவிலிருந்து காத்தல் வேண்டும் என்னும் அரசின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. கடைவீதி என்பது கடை இருந்தால் அன்றோ வீதி என்னும் அக்குடும்பத்தாரின் வாதத்தையும் புறந்தள்ள இயலாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடைசெய்யும் 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நாடெங்கும் எத்தனையோ சிற்றூர் மக்கள் தம் வீட்டிற்கு ஓர் அறை சேர்க்கவும் இயலாமல் உள்ளனர். பழமையைக் காக்கும் செலவை அவர்கள் சுமக்கின்றனர். கொண்டாட்டமோ வெளியிலிருந்து வருவோர்க்கு உரியதாகிறது. செலவைச் சுமப்போரின் குரல் ஒலிக்காத விழா, எவ்வளவு கல்விப்பயன் உடையதாயினும், நேர்மையில் குறைவுடையதே.

தாழி

தொடுதல் எங்கே நிற்க வேண்டும் என்னும் வினாவும் உண்டு. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காடு. அங்கே அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளைக் கொண்டு அம்மக்களின் முகத்தோற்றத்தை மீட்டுருவாக்கும் பணி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பங்கேற்புடன் நிகழ்ந்து, அவ்வுருவங்கள் 2025இல் வெளியிடப்பட்டன. ஆதிச்சநல்லூரில் 2023 முதல் மக்கள் கண்ணாடித் தளத்தின்மேல் நின்று கீழேயுள்ள தாழிகளைக் காண்கின்றனர். இவை அறிவுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. மாதிரித் தாழியொன்றில் செயற்கை எலும்புகளை இட்டுச் சிறுவரை எடுக்கச் செய்யும் விளையாட்டும் அதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கதா?

இவ்விடத்தில் தமிழியலாளர்க்கு இலக்கியம் ஒரு தெளிவைத் தருகிறது. புறநானூற்றின் 228ஆம் பாடல் கலம் வனையும் குயவனை விளித்து, மாண்ட சோழ மன்னனுக்கு ஏற்ற தாழியை எவ்வாறு வனைவாய் என வினவுகிறது. 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். அகழாய்வாளர் தாழியின் வாய்விட்டத்தை அளந்து எழுதும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தகைய வேண்டுகோள் ஒன்று இருந்திருக்கக்கூடும். தாழி பிறர் கண்ணுக்காக வனையப்பட்ட கலம் அன்று. அதனைத் திறப்பதற்கு அறிவுத்தேவை காரணமாகலாம், பொழுதுபோக்குக் காரணமாகாது. குயவனின் சக்கரத்தின்முன் அமர்ந்து அத்துணைப் பெரிய கலத்தை வனைவது எவ்வளவு அரிது என்பதைச் சிறுவர் தம் கையால் அறியட்டும். எலும்பை எடுக்கும் விளையாட்டு தேவையில்லை. ஈமக்காட்டை அவ்வூரார் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர், அங்கே எதைச் செய்யலாகாது எனத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர் என்பவற்றையும் விளக்கப் பலகையில் எழுதலாம். வாழ்ந்தோர் யார் என அறியாதபோதும் அவ்விடத்தை அஞ்சி ஒதுக்கி வைத்திருந்த அம்மக்களால்தான் பல தாழிகள் இன்றுவரை எஞ்சியுள்ளன.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பில் இடம்பெற வேண்டுவன மூன்று: பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள். எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, மண் எத்தகையது, அருகே வேறென்ன இருந்தது என்பவற்றைச் சட்டம் கேட்கவில்லை. ஏர்முனையில் பானை தட்டுப்பட்ட உழவர் அவற்றைத் தாமே குறித்து எழுதினால் அதனை வேண்டாவென்று தள்ளும் அலுவலகமும் இராது. மாதிரிக் குழிக்கு அருகே ஒரு மேசையிட்டு, இவ்வறிவிப்பின் படியொன்றை வைத்து, விடுபட்ட வரிகளைச் சேர்த்து நிரப்பச் சிறுவரைப் பழக்கலாம். கண்டவர் பெயர் என ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.